‘ஆம்’ இல்லாத வாக்கியம்

செப்டம்பர் 6, லா பாஸ், பொலிவியா

ஸ்பெயினிலிருந்து எங்கள் பேச்சை ஆராய வந்திருக்கும் இரேனே எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். கண்ணால் கண்டதற்கு நாங்கள் ‘முரியோ’ என்போம் – இறந்தார். காணாததற்கு ‘அபியா முவேர்த்தோ’ – இறந்தாராம். அவள் ஊரில் இந்த வேறுபாடே கிடையாதாம். யார் எதைச் சொல்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ண வேண்டும்.

செப்டம்பர் 9

சந்தையில் நாற்பத்தொரு கோடுகள். உருளைக்கிழங்கு விற்கும் பசிலியா, வாடிக்கைக்காரிகளை ‘கசேரா’ என்பவள், கேட்டாள்: “பேச்சுக்கும் கணக்கா, கசேரா? இனி நான் தும்மினாலும் எழுதிக்குவியா?”

ஒருவர்கூடத் தடுமாறவில்லை. பல் போன கிழவர்கூட.

செப்டம்பர் 20

மகளின் ஞானத்தந்தை தெயோபிலோ – எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. அவர் பேச்சை இரேனே நேற்று பதிவு செய்தாள். என் கணவர் நிக்கனோர் யுங்காஸ் மலைப்பாதையில் விழுந்து இறந்த கதை. இன்று நாடாவைப் போட்டுக் காட்டினாள்.

“லாரி மேலருந்து சறுக்கினான். என்னைப் பாத்தான். விழுந்தான்.”

மூன்று வினை. ஒன்றிலும் ‘ஆம்’ இல்லை.

எட்டு வருடமாக என்னிடம் சொன்னது வேறு: “நான் அடுத்த லாரியில வந்தேன், கொமாத்ரே. விழுந்துட்டானாம்.”

அவர் அதைக் காணவில்லை என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், இரேனே ஓரத்தில் ‘பிழை’ என்று எழுதியிருக்கிறாள். பிழையாகவே இருக்கட்டும், மாதாவே.

செப்டம்பர் 21

ஜெபமாலை நகரவில்லை. ஒவ்வொரு மணியிலும் ‘என்னைப் பாத்தான்’.

நவம்பர் 2

இறந்தோர் நாள். வீட்டில் ஆன்மாக்களின் மேசை. நிக்கனோருக்கு ரொட்டி, கரும்பு, ஒரு குவளை தண்ணீர். தெயோபிலோ ஜெபிக்க வந்தார். மற்றவர்கள் போனபின் கேட்டேன்: “எந்த லாரியில வந்தீங்க, கொம்பாத்ரே?”

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

“அதே லாரிதான். குடிச்சிருந்தேன். தூங்கிட்டேனாம்.”

தூக்கத்துக்கு அந்த ‘ஆம்’ பொருந்தும். தன் தூக்கத்தை யார் கண்டார்கள்? ஆனால் –

“தூங்கினவருக்கு, அவர் உங்களைப் பாத்தது எப்படித் தெரியும்?”

மேசை முழுக்க ரொட்டித் துகள். பிறகு சொன்னார்: “கையை நீட்டினான். நான் பிடிக்கலை. பயந்துட்டேன், கொமாத்ரே.”

எல்லாம் கண்ட வினை. எழுந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 7

இரேனேவின் தாளில் ‘பிழை’யைக் கோடிட்டு அடித்துவிட்டேன். “எப்படித் தெரியும்?” என்றாள். “சரியாத்தான் பேசியிருக்கார்,” என்றேன்.

நவம்பர் 13, ஞாயிறு

ஞாயிறுதோறும் அவருக்கு வைக்கும் மூன்றாவது தட்டையும் மகள் வைத்தாள். “ஞானப்பா சாப்பிட வரலையா?”

“ஊரை விட்டுப் போயிட்டாராம்,” என்றேன்.

நேற்று அவர் பெட்டியோடு பேருந்தில் ஏறியதை, அது திருப்பத்தில் மறையும்வரை, நின்று பார்த்தவள் நான்.