துரும்பு கிள்ளியதும் கோர்ட்டில் கேட்டதும்

திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. லேபில் வியாழனுக்கு லீவு சொல்லியாச்சு.

வக்கீல் அக்கா கேட்டவை: ஆதார், கல்யாணப் பத்திரிகை, ஜோடியாக எடுத்த போட்டோ. ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். போட்டோவில் நானும் முறைப்பு, மு.வும் முறைப்பு. முருகேசன், என் அத்தை மகன். முன்னாள் கணவன். சட்டப்படி இன்னமும் இந்நாள்!

ஆறு வருஷம் முன்பே ஊர்ப் பெரியவர்கள் கூடி, துரும்பைக் கிள்ளிப் போட்டு எங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். சோழவந்தான் செல்வத்தைக் கட்டிக்கொள்ள ரிஜிஸ்டர் ஆபீஸ் போனால், "துரும்பெல்லாம் செல்லாதும்மா, கோர்ட்டு ஆர்டர் கொண்டாங்க." ஆக, பரஸ்பர சம்மத மனு. ஆறு மாசம் காத்திருந்தாச்சு. வியாழன் கடைசி வாய்தா. மு. நேரில் வந்து சம்மதம் சொல்லாவிட்டால் எல்லாம் போச்சு.

புதன்

மு.வுக்கு ஏழு முறை போன். சுவிட்ச் ஆஃப்.

அத்தை அம்மாவிடம் சொன்னதாம்: "அதான் துரும்பு கிள்ளியாச்சுல்ல. இன்னும் எத்தன வாட்டி அத்து விடுறது? என் மகன் கோர்ட்டு வாசல மிதிக்க மாட்டான்."

இட்லி இறங்கவில்லை. செ. போனில், "வருவாப்ல. வராட்டி நான் கல்லுப்பட்டிக்கு அவுக வீட்டுக்கே போயி கூட்டியாரேன்." அது ஒன்றுதான் குறைச்சல்.

வியாழன்

நல்ல வெயில். பச்சைச் சேலை.

காளவாசல் சிக்னலில் பஸ் அசையவே இல்லை. இறங்கி முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பைக். மு.! "போனு தண்ணில விழுந்துருச்சு. ஏறு, நேரமாச்சு." ஏறிவிட்டேன். அத்தை மகன்தானே.

கோர்ட் வாசலில் வக்கீல் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கீகன்னு மனுவுல எழுதிருக்கேன். ஒரே வண்டியில வந்து எறங்குறீக! மொதல்ல தள்ளி நில்லுங்க."

நின்றோம். மு. இரண்டு தூண் தள்ளி. அங்கிருந்தே சைகை, டீ வேணுமா என்று. சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீதிபதி அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "யாரும் வற்புறுத்தலையே? உங்க சொந்தச் சம்மதம்தானா?"

கல்யாணத்துக்கு அப்பாதான் தலையாட்டினார். துரும்பு கிள்ளும்போதும் அப்பாதான், நான் வீட்டுக்குள். என்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஆமாங்கம்மா. என் சம்மதம்." கொஞ்சம் சத்தமாகவே.

மு.வும் சொன்னார். ஆர்டர் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் மு., "ஏறு, காளவாசல்ல விட்டுட்டுப் போறேன்."

"வேணாம் மச்சான். பஸ்ல போறேன்."

ஜன்னலோர சீட். வழியெல்லாம் காற்று. அம்புட்டுச் சந்தோஷம்.

வெள்ளி

லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு. எதற்கு என்று கேட்டவர்களிடம் டைவர்ஸ் என்றேன். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. பிறகு தின்றார்கள்.

பத்து மணிக்கு செ. போன். ஒரே குஷி. "எங்கம்மா நாள் பாத்துருச்சு. ஒங்கப்பாகிட்டயும் பேசியாச்சு, சரின்னுட்டாரு."

"என்கிட்ட கேட்டீகளா?"

அவர் வெற்றிலைக் கொடிக்காலில் ஓடிய மோட்டாரை அணைப்பது கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, "இப்பக் கேக்குறேன். என்னயக் கட்டிக்கிட ஒனக்குச் சம்மதமா?"

நேற்றைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.