ஓஸ் பைப்புக்குப் பொட்டு வைத்த வாரம்

கூடுவாஞ்சேரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஆதித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இதைப் போனிலும் சொன்னேன், நீ நம்பவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. டப்ளினில் உன் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாய், அதை நானும் அதே அளவுக்குத்தான் நம்பினேன். போனில் எதையும் விவரமாகச் சொல்ல வழியில்லை, அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு நான் பேசப் பேசத் திருத்தம் போடுவார். ஆகவே சுண்டை வற்றல் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். வற்றலை ஒருமுறை வெயிலில் காட்டி எடுத்து வை, உங்கள் ஊருக்கு வெயில் வரும்போது.

நம் குடியிருப்பின் பெயரில் ஏரி இருப்பதும் குடியிருப்பில் ஏரி இல்லாததும் நீ அறிந்ததே. பின்பக்கச் சுவரோரம் மிஞ்சிய நிலத்தைச் சங்கம் பாத்தி பாத்தியாகப் பிரித்து, குலுக்கல் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஓஸ் பைப், இரண்டு பூவாளி, மண்வெட்டி, களைக்கொத்து, ஒரு மருந்து தெளிப்பான். இவை தகரக் கொட்டகையில் இருக்கும், சாவி அப்பாவிடம் இருக்கும். ஏ பிளாக்குக்குக் காலையில் பைப், பி பிளாக்குக்கு மாலையில். பைப் கடைசிப் பாத்தி வரை எட்டாது. கடைசிப் பாத்தி யாருக்கு விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மட்டும் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பீய்ச்ச வேண்டும். நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு டிவியைப் பார்த்தபடி, டிவியையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த மனிதர், இந்த வித்தை கைவந்த நாளிலிருந்துதான் என்னோடு சண்டை போடத் தொடங்கினார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்குப் புரியும். டாக்டர் இந்த வருஷம் முழுக்கப் பளு தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், பைப்பில் பளு இல்லை. ஆனால் உன் அப்பாவின் நோய் நெஞ்சில் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் நர்ஸைக் கூப்பிட மணி இருந்தும், அதை அழுத்தாமல் தானே எட்டித் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போய்க் கையில் இருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டவர். ஏன் என்று கேட்டால், அந்தப் பெண் வேலையாக இருந்தாள் என்றார். ஒருவரிடம் ஓர் உதவி கேட்பதைவிடச் செத்துப்போவது மரியாதை என்று நினைக்கும் வம்சம் உங்களுடையது. இந்த வாரம் நான் பயந்தது அதற்குத்தான்.

ஆயுத பூஜை வந்தது. பொதுக் கருவிகளுக்கும் பூஜை போட வேண்டும் என்று செயலாளர் வேதாந்தம் சொன்னார், நியாயம்தான். காலண்டரில் புதன்கிழமை என்று போட்டிருந்தது, பி பிளாக் காலண்டரின் பக்கம் நின்றது. வேதாந்தத்தின் பஞ்சாங்கம் வியாழன் என்றது. பி பிளாக்கில் வேண்டா என்று பெயருள்ள ஓர் அம்மாள், கம்பெனி வேன் ஓட்டும் ரமேஷின் தாய், "அய்ரே, கெவர்மெண்டே புதங்கெழமதான் லீவு வுட்டுக்கீது, உங்க சாமிக்கு மட்டும் தனி ஆர்டரா?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். கூட்டம் இரண்டாகப் பிளக்கும் நேரத்தில் உன் அப்பா எழுந்தார். முரணான இரண்டு உத்தரவுகளையும் ஏற்றுக்கொண்டு இரண்டின்படியும் எதுவும் செய்யாமல் இருக்கும் கலையை அலுவலகத்தில் முப்பது வருஷம் பயின்றவர் அல்லவா, இரண்டு நாளும் பூஜை நடக்கட்டும், கருவிகள் அதுவரை ஓய்வெடுக்கட்டும் என்றார். கைதட்டினார்கள். பூஜையில் வைத்த எதையும் வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டாம் என்று வேதாந்தத்தின் மனைவி பர்வதம் சொல்ல, சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. கூட்டம் முடிந்த கையோடு, அந்தச் செவ்வாய் மாலையே, ஓஸ் பைப்பைப் பாம்புபோலச் சுற்றி வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, வாயில் ஒரு செவ்வந்தியும் செருகினார்கள். பூவாளிகளுக்கும் பொட்டு. தோட்டத்துக் குழாய்க்கும் வைத்துவிட்டார்கள், ஆனால் அது தரையோடு பொருத்தப்பட்டது, ஆகவே பயன்படுத்தலாம் என்று வேதாந்தம் தீர்ப்புச் சொன்னார்.

அன்று காலைதான் நல்ல நாள் என்று அப்பா கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் எடுத்து நட்டிருந்தார். மழை இன்னும் இறங்கவில்லை, வெயில் சித்திரைபோல அடிக்கிறது. பிடுங்கி நட்ட நாற்று இந்த வெயிலில் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் நிற்காது. இது அவருக்குத் தம் சமரசத்துக்குக் கைதட்டல் வாங்கி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. சாவி அவரிடமே இருந்தது, ஆனால் தாமே போட்ட பூட்டைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் வீட்டுக் குடத்தில் தூக்கி ஊற்றிக்கொண்டார்கள். நான் இரண்டு வாளியையும் குடத்தையும் பர்வதம் வீட்டில் ஒளித்து வைத்தேன். புதன் காலை அவர் ஐந்து லிட்டர் குக்கரோடு கிளம்பினார், பிடுங்கிக்கொண்டேன். நான் ஊற்றுகிறேன் என்று சொன்னதற்கு, உனக்கு முட்டி வலி, பேசாமல் இரு என்றார். கடைசியில் சொம்போடு போனார். குழாய் ஒரு கோடியில், பாத்தி மறு கோடியில். அந்த வெயிலில் எத்தனை நடை நடந்தாரோ, திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. கட்டிலில் சாய்ந்து, நல்ல நடைப்பயிற்சி என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலை மறுபடியும் சொம்பை எடுத்தார். தடுத்தால் படபடப்பாகும் என்று விட்டுவிட்டுப் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றேன். நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. குழாயடியில் வேண்டா குடம் பிடித்துக்கொண்டிருந்தார், ரமேஷ் தூக்கிப் போய் ஊற்றிக்கொண்டிருந்தான். அப்பா சொம்போடு நின்றார். அவர்கள் ஒவ்வொரு குடமாக நிரப்பி எடுத்துப்போக, இவர் குழாயைப் பார்ப்பதும் பாத்தியைப் பார்ப்பதுமாக நின்றுகொண்டே இருந்தார். பிறகு, குலதெய்வம் சாட்சியாகச் சொல்கிறேன், வாயைத் திறந்து, "வேண்டா அம்மா, என்னால தூக்க முடியல. எனக்கும் ரெண்டு குடம் ஊத்தச் சொல்றியா?" என்று கேட்டார். சொம்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டார். வேண்டா குழாயை மூடிவிட்டு, "இத்தக் கேக்கவா இம்மா நேரம் நின்னுகினு இருந்தே அண்ணாத்த? நான் இன்னாவோ, உன் பாத்திக்கு வேற பஞ்சாங்கம் போலக் கீதுன்னு நெனச்சேன்" என்றார். அதோடு விட்டாரா, "டேய் ரமேசு, அந்தச் சேரை எட்த்தாந்து போட்றா. நீ குந்திகினு, இங்க ஊத்து அங்க ஊத்துன்னு சொல்லு அண்ணாத்த. ஆபீஸ்ல அதான செஞ்சுகினு இருந்தே" என்றார். ஆபீஸைப் பற்றி யார் எது சொன்னாலும் பொறுக்காதவர், நேராகப் போய் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை அவர்களே வந்து கூப்பிட்டார்கள். மூன்று நாற்று போய்விட்டது, மற்றவை நிமிர்ந்துவிட்டன.

சனிக்கிழமை கற்பூரம் காட்டிப் பைப்பை வெளியே எடுத்தார்கள். அடுத்த வருஷம் இந்தச் சிக்கல் வராமல் இருக்க, வழிபட ஒன்று, தண்ணீர் பாய்ச்ச ஒன்று என்று இன்னொரு பைப் வாங்குவதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வழிபாட்டுக்கு உரியது புதியதா பழையதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அப்பாவைச் சமரசம் செய்ய அழைத்தார்கள், அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

உனக்கு இதையெல்லாம் எழுதக் காரணம், போன குளிர்காலத்தில் நீ ஒற்றை ஆளாக ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. அடுத்த வீட்டுக்காரரின் பெயரையாவது தெரிந்து வைத்துக்கொள். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, காபி சாப்பாடு ஆகாது. அடுத்த முறை பேசும்போது அப்பாவிடம் குடத்தைப் பற்றி மூச்சு விடாதே, கத்தரி பூ விட்டதா என்று மட்டும் கேள், அரைமணி நேரம் பேசுவார்.

இன்று காலை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், தாளை இறக்காமலே, குனிந்தால் தலை சுற்றுகிறது, கால் நகத்தை வெட்டிவிடுகிறாயா என்று கேட்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் வந்த முதல் விண்ணப்பம். உடனே உட்கார்ந்து பத்தையும் வெட்டிவிட்டேன். வேண்டாவிடம் முதலில் கேட்டாரே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது, அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நோய்நொடி இல்லாமல், நாலு மனிதர்களோடு நன்றாக இரு, கண்ணா. எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

உன் அம்மா
சங்கரி