குட்டி ஓட்டுகிற இன்ஜின்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கேக் சுடுகிற ஓவனில் இன்ஜினை வைத்தேன். நன்றாகச் சூடானால்தான் சிலிண்டருக்குள் இருக்கும் பித்தளைக் குழாய் கழன்று வரும். வீடு முழுக்க, எரிபொருளோடு கலந்து ஊற்றுகிற விளக்கெண்ணெயின் புகை. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா, இல்ல தீயணைப்பு வண்டியக் கூப்பிடட்டுமா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இதே கிண்டல். எனக்குக் கிண்டல் பழகிவிட்டது, அவருக்கு நாற்றம் பழகிவிட்டது.

உள்ளங்கையில் அடங்குகிற இன்ஜின். என் நாத்தனார் குட்டியுடையது. குட்டிக்கு முப்பத்தெட்டு வயது, என்னைவிட ஒரு தலை உயரம், பெயர் மட்டும் வளரவில்லை. இன்ஜின் வேலை என்னுடையது, அது மாட்டிய மாதிரி விமானத்தை ரிமோட்டில் ஓட்டுவது அவள். மாதக் கடைசியில் கிளப்பின் வேகப் போட்டி. போன முறையும் அதற்கு முந்தின முறையும் கிளப்பில் இருக்கும் ஒரு போட்டோக்காரரிடம் தோற்றோம், அதுவும் மயிரிழையில். இந்தத் தடவை குழாயில் புகை வெளியேறுகிற துளையின் மேல்விளிம்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தப் போகிறேன். புகை சீக்கிரம் வெளியேறும், இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றும். பல் லேபில் நான் செயற்கைப் பற்களைத் தேய்க்கிற அதே கருவி போதும்.

மார்ச் 8, ஞாயிறு

குட்டி வந்தாள். காபி குடித்தாள். டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அண்ணி, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்றாள்.

யாரை? போட்டோக்காரரை!

கட்டிப்பிடித்துக்கொண்டேன். சந்தோஷம்தான், பொய் இல்லை. இவளுக்கு ஒரு துணை வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். அதற்காக அந்த ஆளா? ஒவ்வொரு தடவையும் ஜெயித்துவிட்டு, "நல்லாப் பண்ணீங்க மேடம்" என்று சொல்வாரே, அவரா?

"அப்போ நம்ம விமானம்?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாம் அண்ணி."

மார்ச் 10, செவ்வாய்

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 13, வெள்ளி

காலையில் அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே சொல்கிறார்: "தெரியுமா, மாப்பிள்ளை குட்டிக்குப் புது இன்ஜின் வாங்கிக் குடுத்திருக்காராம்."

வயிறு எரிந்தது. வேறு என்ன சொல்ல? அதே எரிச்சலோடு லேபுக்குப் போனேன். எல்லாரும் கிளம்பின பிறகு குழாயை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். புது இன்ஜினாமே! கடைக்குப் போனா எவன் வேணா வாங்கலாம். பெட்டியப் பிரிச்சு அப்படியே மாட்டறதுக்கு ஒரு அண்ணி எதுக்கு? நான் எதுக்கு? —

நிறுத்தி அளந்து பார்த்தேன். அரை மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் ஒன்றைத் தாண்டியிருந்தது. நான் போட்டிருந்த அளவுக் கோட்டையே காணவில்லை.

பல்லாக இருந்தால் மேலே பூசிச் சுட்டு எடுத்திருப்பேன். இதற்குப் பூச்சு கிடையாது. இந்த இன்ஜினை இப்போது யாரும் தயாரிப்பதும் இல்லை. குட்டி முதல் சம்பளத்தில் வாங்கியது. சொதப்பிட்டேன். நல்லா சொதப்பிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கொல்லையில் ஓட்டிப் பார்த்தேன். பழைய புரொப்பெல்லரோடு சளி பிடித்த மாதிரி இருமுகிறது. சின்ன புரொப்பெல்லர் மாட்டினால் கத்துகிறது — அடேயப்பா, இப்படி ஒரு கத்தல் இந்த இன்ஜினில் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. ஆனால் உச்சியில் மட்டும்தான் சக்தி. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. விமானத்தில் பூட்டிப் புல்லில் விட்டேன். நகரவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

குட்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். கோபத்தில் தேய்த்தேன் என்பதையும் சொன்னேன். எதற்குக் கோபம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அவள் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தரையிலதான ஓட மாட்டேங்குது?"

"ஆமா."

"அப்போ தரை எதுக்கு அண்ணி? கையால எறிஞ்சு விட்டா?"

போட்டி விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். எறியலாம்! காற்றில் வேகம் பிடித்துவிட்டால் புரொப்பெல்லருக்குப் பாரம் குறையும், இன்ஜின் தன் உச்சிக்கு ஏறிக்கொள்ளும். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கோபம் இருக்கிற இடத்தில் மூளை உட்காருமா?

புது இன்ஜினைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மைதானம். நான் எறிந்தேன், மூக்கு குத்தி விழுந்தது. இன்னொரு முறை எறிந்தேன், இறக்கை விரிசல் விட்டது. அவர் எறிந்தார், தோள் பிடித்துக்கொண்டது. விமானத்துக்குப் போட்ட பசை காய்வதற்குள் அவருக்குத் தைலம் தேய்த்து முடித்தேன்.

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த போட்டோக்காரர் வந்து, "நான் எறியட்டுமா மேடம்?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். குட்டி என் பக்கம் திரும்பவே இல்லை, ஓட்டுகிற கருவியைப் பார்த்தபடி நின்றாள். கொடுத்தேன்.

எறிந்தார். முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் அந்தக் கத்தல்! கண்ணைத் திறந்தபோது விமானம் மைதானத்தின் கடைசியில் இருந்தது. "என்னங்க இது!" என்றார் போட்டோக்காரர், கையைத் தலையில் வைத்துக்கொண்டு. முதல் தடவையாக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. கொஞ்சம்தான்.

மார்ச் 29, ஞாயிறு

போட்டி. முதல் இரண்டு ஓட்டத்திலும் போட்டோக்காரர்தான் எங்களுக்கு எறிந்து கொடுத்தார். இறுதி ஓட்டம் யார் யாருக்கு? அவருக்கும் குட்டிக்கும். இனி எங்களுக்கு யார் எறிவது? நான்தான். என் வீட்டுக்காரரின் தோள் இன்னும் சரியாகவில்லை.

அவர் தன் விமானத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, மூக்கத் தூக்காதீங்க. காத்துக்கு எதிரா, நேரா. ரெண்டடி ஓடி விட்டுடுங்க, அது பாத்துக்கும்."

அக்காவாமே. ஓடினேன், விட்டேன். இறங்கியது, இறங்கியது, புல்லைத் தொட்டது போலத்தான் இருந்தது — பிடித்துக்கொண்டது!

குட்டி ஜெயித்தாள். சுற்றிவர வேண்டிய கடைசிக் கம்பத்தை அவருடைய விமானம் தாண்டும்போது எங்களுடையது தாண்டி முடித்துத் திரும்பியிருந்தது. நான் கத்திய கத்தலில் இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேவிட்டேன்: "அந்தப் புது இன்ஜின் எங்க?"

"பெட்டியிலதான் இருக்கு. அவர் குடுத்த இன்ஜின வெச்சுக்கிட்டு அவரயே எப்படி அண்ணி ஜெயிக்கிறது?"

முன் சீட்டில் என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 10, ஞாயிறு

கல்யாணம் நன்றாக நடந்தது. கால் வலி. படங்களில் எல்லாரும் அழகாக இருக்கிறோம், மாப்பிள்ளை மட்டும் எதிலும் சரியாக விழவில்லை.

மே 24, ஞாயிறு

காலையில் குட்டி தனியாக வந்தாள். பையிலிருந்து ஒரு இன்ஜினை எடுத்து மேஜைமேல் வைத்தாள். போட்டோக்காரருடையது.

"அவரே குடுத்து விட்டார் அண்ணி. அக்கா கையால இதுக்கும் தேய்ச்சுத் தரணுமாம்."

குழாயைக் கழற்றி, கோடு போட ஊசியை எடுத்தேன். எவ்வளவு தேய்க்கலாம் என்று கேட்டேன். வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை, இருந்தும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நல்லாப் பண்ணிக் குடுங்க. ஆனா நம்மளோடதவிட ஒரு துளி கம்மியா."

எங்களுடையதில் ஒன்றைத் தாண்டியிருந்தது; இதில் கால் மில்லிமீட்டரில் கோடு போட்டேன்.