ஒரே செட் டார்ட்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. போட்டாதாங் கிளப்பில் ஜெனரேட்டர் போட்ட பிறகுதான் பலகையில் அம்பெறியும் டார்ட் இறுதி ஆட்டம். எதிரே அண்ணன். ஜெயிப்பவருக்குப் பாங்காக், தொழில்முறைப் போட்டி.

எங்கள் இருவருக்கும் ஒரே செட், மூன்று டார்ட். சின்னதிலிருந்தே அப்படித்தான். எறி, பிடுங்கு, மற்றவர் கையில் கொடு. இன்றும் அப்படியே ஆடினோம். கூட்டம் ஒரே கேலி.

கடைசியில் அண்ணனுக்கு ஒரே ஒரு டபுள், ஓரத்து மெல்லிய வளையம், போதும். கம்பிக்கு வெளியே போய்விட்டது. பிடுங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தான். "முடிச்சிடு, பாப்பா." முடித்தேன்.

அப்புறம் மைக். "மா கவிதா, பதினாறு வயசு! யாரோட ஆடிப் பழகினே?" பர்மியத்தில் கேட்டார் கிளப்காரர் கோ ஜின். "தனியாத்தான்" என்றேன். ஏன் அப்படி உளறினேன்? கேட்க நன்றாக இருக்கும் என்றுதான். சீ. அண்ணன் பின்னாலேயே நின்றான், என் குடையோடு.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூறல். நான் மைக்கில் பேசிய வீடியோவை அம்மா எங்கள் பேட்டை, பபேடான் முழுக்கக் காட்டிவிட்டாள். "எம்பொண்ணு ஒத்தையாவே கத்துக்கிட்டாளாம்!"

அண்ணன் மோஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸில் எலுமிச்சை பிழிந்தபடி, "ஆமாம்மா. நான் சும்மா போர்டு மாட்டினவன்." சிரித்தான். நான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

வாங்க வேண்டியவை: சாக்ஸ், தலைவலி மாத்திரை, பயணப் பைக்குப் பூட்டு.

கிளப்பில் புது செட் கொடுத்தார்கள். கறுப்பு, நல்ல கனம். பழையதை அண்ணனிடம் நீட்டினேன்.

"நீ வச்சுக்கண்ணே."

"எனக்கெதுக்கு? யாரோட ஆடுறது?"

மன்னிச்சுக்கோ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். திமிர், வேறென்ன.

ஆகஸ்ட் 12, செவ்வாய். பாங்காக்

ஏசி குளிர். ஷூ கடிக்கிறது. முதல் சுற்று, எதிரே ஒரு ஜப்பான்காரர், அப்பா வயது. என் முதல் மூன்றும் உச்ச மதிப்பெண், நூற்றெண்பது! அரங்கமே கத்தல். பிடுங்கித் திரும்பினேன். பழக்க தோஷம், மூன்றையும் அவரிடம் நீட்டிவிட்டேன்.

ஐயோ. அவர் தன் டார்ட்டைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் சிரிப்பு. எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் எப்படி எறிந்தேன் என்றே நினைவில்லை.

ஜெயித்தேன். மறுபடி மைக், மறுபடி அதே கேள்வி. எங்கண்ணனோட, செல்வம் அண்ணனோட என்றேன். கேமராவைப் பார்த்து, இரண்டு தடவை.

அறைக்கு வந்து போனைப் பார்த்தால் அண்ணன் மெசேஜ்.

"நீ கையை நீட்டினியே, டிவில பாத்தேன். அதோட இங்க கரண்ட் போயிடுச்சு. ஜெயிச்சியா, பாப்பா?"