கண்ணாடி உடையவில்லை

ஜூன் 4, வியாழன்

இளைய மகளின் அறையில், ஜன்னல் மூலையிலிருந்து கூரையை நோக்கிக் கோணலாக ஒரு விரிசல். முன்பே இருந்ததா? தெரியவில்லை. அதற்கு நேர் கீழேதான் அவள் படிக்கும் மேசையும் கட்டிலும். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "கவலை கம்பெனி திறந்தாச்சு" என்றார். சின்னவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 5

போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்குத் தர்க்கம் நடத்துவது என் பிழைப்பு. இன்று 'வலுவான வாதம், பலவீனமான வாதம்'. எல்லா வாதமும் முடிவை அடித்துச் சொல்லாது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மனசெல்லாம் அந்த விரிசலில். ஒரு பையன் கேட்ட சந்தேகம் காதிலேயே விழவில்லை.

ஜூன் 8, திங்கள்

மறுபடி பேச்செடுத்தேன். "இருபது வருஷமா இருக்கோம். ஒரு செங்கல் அசைஞ்சிருக்கா?" என்றார் இவர்.

நல்ல வாதம்தான், எல்லாம் பழையபடியே இருந்தால். நாங்கள் கடைசி மாடி. போன மாதம்தானே மொட்டைமாடியில், சரியாக அந்த அறைக்கு மேலே, புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள்? இருபது வருஷமும் தொட்டி இல்லாத வருஷம். சொன்னேன். உடனே வேறு பக்கம் தாவினார். "கேஸ் கசியுதுன்ன. கசியல. பாப்பாவுக்கு டைபாய்டுன்ன. வெறும் ஜலதோஷம். நீ பயந்ததுல எது நடந்திருக்கு, சொல்லு."

உதாரணங்கள் நிறைய, எதிராக ஒன்றுகூட இல்லை. வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் 'வலுவானது' என்று டிக் அடித்திருப்பேன். ஆனால் என் பழைய பயங்களுக்கும் இந்தச் சுவருக்கும் என்ன சம்பந்தம்? நான் வீணாகப் பயந்த பயத்தில் சிமென்ட் கெட்டியாகிவிடுமா? எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஜூன் 11

தம்பி வந்து பார்த்தான். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன்.

"பக்கத்து பிளாக்லயும் இதே மாதிரி இருந்துச்சுக்கா. அதே காண்ட்ராக்டர், அதே வருஷம் கட்டினது. விரிசல அடைச்சு, பட்டி பார்த்துப் பூசினாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுமில்ல."

"அங்க தொட்டி எங்கடா இருக்கு?"

"அது... தனியா தூண் மேல."

ஒற்றுமையெல்லாம் சரி, எது ஒத்துப்போக வேண்டுமோ அது ஒத்துப்போகவில்லையே. தலையைச் சொறிந்தான். பிறகு என் திருப்திக்காக மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே பசை போட்டு ஒட்டினான். "சுவர் அசைஞ்சா இது பட்டுனு உடையும். உடையலன்னா நிம்மதியா இரு."

ஜூன் 12

உடையவில்லை.

ஜூன் 15

உடையவில்லை. "இன்னிக்கு கண்ணாடி என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் இவர் வேலைக்குக் கிளம்புகிறார்.

ஜூன் 18

அறைக் கதவு தரையில் உரசுகிறது. மழையில் மரம் ஊறியிருக்கும் என்கிறார். ஜன்னல் கொக்கி மாட்ட மறுக்கிறது. பழசு என்கிறார். மேசை மேல் தினமும் வெள்ளைத் தூள். சுண்ணாம்பு உதிராமல் இருக்குமா என்கிறார். மூன்றுக்கும் மூன்று காரணம், தனியாக எடுத்தால் ஒன்றையும் மறுக்க முடியாது. என்னிடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கிறது — கூரை இறங்குகிறது. அப்படி எல்லாவற்றையும் ஒன்றாக விளக்கும் காரணத்துக்கு மதிப்பு அதிகம் என்று பாடம் நடத்துகிறவளே நான்தான். ஆனால் பைத்தியக்காரரிடமும் எது நடந்தாலும் ஒரே காரணம்தானே இருக்கும்?

கூடத்தில் வந்து படு என்று சின்னவளிடம் கெஞ்சினேன். "அடுத்த வாரம் நுழைவுத் தேர்வும்மா. கூடத்துல டிவி ஓடும். கண்ணாடிதான் உடையலையே, ஆள விடேன்."

போய்க் கண்ணாடியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20, சனி

தூசி படிந்திருக்கிறதே என்று கண்ணாடியைத் துணியால் தொட்டேன். ஆடியது. கடவுளே, ஆடியது! ஒரு முனை சுவரிலேயே இல்லை. பசையோடு பெயிண்ட் தோலாக உரிந்து வந்திருக்கிறது. சுவர் அசைந்தாலும் இது உடையாது, அசையாவிட்டாலும் உடையாது. இத்தனை நாளும் எதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்? விரிசலுக்குள் என் கட்டைவிரல் நகம் முழுசாகப் போகிறது.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அக்கா... பெயிண்ட்டச் சுரண்டிட்டு ஒட்டியிருக்கணும். அவசரத்துல அப்படியே ஒட்டிட்டேன். பாப்பாவ அந்த ரூம்ல இருந்து வெளிய கூட்டிட்டு வா. இப்பவே."

புத்தகமும் கையுமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கத்தினாள். கத்தட்டும். பரீட்சை போனா போகுதுடி, நீ இருந்தா போதும் எனக்கு.

ஜூன் 22

தம்பி அழைத்துவந்த பொறியாளர் கூரையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் மாறியது. உள்ளே கம்பி துருவேறிப்போய்விட்டதாம்.

"விழுந்துடுமா சார்?"

"விழும்னு சொல்ல முடியாதும்மா. விழாதுன்னும் சொல்ல முடியாது. என் பொண்ணா இருந்தா அதுக்குக் கீழ படுக்க விடமாட்டேன்."

தொட்டியைக் காலி செய்தார்கள். அறை நிறைய இரும்புக் கம்பங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். வேலை முடியும்வரை நாங்கள் வீட்டில் இருக்கக் கூடாதாம். இவர்தான் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கினார்.

ஜூன் 29

நாத்தனார் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். சின்னவள் தேர்வு எழுதிவிட்டாள். "சுமார்" என்றாள். என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று கட்டில் எடுக்கப் போனோம். படிக்கட்டில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மடக்கினார். "உங்களால மொத்த பிளாக்கும் குடத்தோட அலையுது. ஒரு வாரமாச்சு. என்ன விழுந்துச்சு?"

ஒன்றும் விழவில்லைதான். இனி விழப்போவதும் இல்லை. நான் சொன்னது சரி என்று காட்ட இந்த ஜென்மத்தில் என்னிடம் ஒன்றும் இருக்காது.

கட்டில் சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் இறங்கி வந்த இவர் நின்றார். "கம்பம் நிக்கறதாலதான் சார் விழல. வேணும்னா அதை எடுத்துட்டு நீங்க கீழ உக்காந்து பாருங்க."

நாத்தனார் வீட்டில் கட்டிலை இறக்கினார். நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் மூலைக்குப் போய், விரல் மடக்கிச் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். மகளின் கட்டிலைச் சுவரோரத்திலிருந்து அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டார்.

சொம்போடு வாசலிலேயே நின்றிருந்தேன்.