முதல் பிரதி வாங்கியவள்

பர்கூர்,
10.01.2026

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் இங்கே சுகம்தான். மார்கழிப் பனிக்கு அப்பாவின் இருமல் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டேனே, அதிலேயே தெரிந்துவிட்டது. கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், உடனே நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ குறுக்கே பத்து வரி போடுவாய். இதை நீ முழுசாகக் கேட்க வேண்டும். அதனால் பத்தாம் வகுப்போடு கீழே வைத்த பேனாவை எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். குவாரிக்காரர் சின்னராஜின் மகன் ஹரீஷ்குமார் இந்தத் தேர்தலில் நிற்கப்போவது உனக்குத் தெரியும். சீட்டு இன்னும் அறிவிக்கவில்லை. ஆனால் பர்கூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிருஷ்ணகிரி ரவுண்டானா வரை ஒரு சுவரும் பாக்கியில்லை. எல்லாவற்றிலும் கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., லண்டன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் இதே வழக்குதான். தையல் லைனில் இருக்கிற அஸ்வின், "காசு குடுத்தா பட்டம் பார்சல்ல வரும்க்கா" என்பான். செல்வம்மாள் விடமாட்டாள். "ஒரு வருசம் அங்கயே இருந்துட்டு வந்தாருடா, வெள்ளைக்காரன் என்ன சும்மாவா குடுத்துருவான்" என்று சண்டைக்கு நிற்பாள். அதே பல்கலைக்கழகத்தில், அதே வருஷம், அதே படிப்பு நீயும் படித்தவள் என்பதால் கடைசியில் என்னிடம்தான் தீர்ப்புக்கு வருவார்கள். படிச்சார், படிச்சார் என்று சொல்லிவைப்பேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டிசம்பரில் அவர்கள் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்னவர் லண்டனில் எழுதிய ஆய்வைத் தமிழில் புத்தகமாகப் போடுகிறோம், முதல் பிரதியை நீங்கள்தான் வாங்க வேண்டும் என்றார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "காலனியிலருந்து ஒரு அம்மா மேடையில நின்னாத்தான் போட்டோ எடுப்பா இருக்கும்" என்றார், என் முகத்துக்கு நேராகவே. கோபம் வந்தது. ஆனாலும் போனேன். அந்த வீட்டுக்கு நாம் பட்ட நன்றிக்கடன் ஒன்று இருக்கிறதல்லவா, அதனால் போனேன்.

மண்டபத்தில் ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் அட்டையைப் புகழ்ந்தார்கள், தாளைப் புகழ்ந்தார்கள், அங்கி போட்ட படத்தைப் புகழ்ந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹரீஷ்குமார் என் கையில் புத்தகத்தைக் கொடுத்து, போட்டோக்காரர் பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினேன். அந்தப் படம் இப்போது வாசல் வாசலாகக் கொடுக்கிற நோட்டீஸில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டு அதை எடுத்துப் படித்தேன். குவாரியால் நிலத்தடித் தண்ணீர் போன கதை. யாருடைய குவாரி என்று பெயர் இல்லை, ஆனால் ஏரி நம் ஏரி. நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பதினொன்றரைக்கு வெடிச் சங்கு ஊதியதும் ஒரு வீட்டுக்காரி அடுப்பில் இருக்கிற குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள், அதிர்வு அடங்கிய பிறகுதான் விடுவாள் என்று எழுதியிருக்கிறது. சுவர் வெடிப்பில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து, அதன்மேல் சாமி காலண்டரை மாட்டிவைத்திருப்பாள் என்றும் இருக்கிறது. அந்த வீட்டுக்காரி நான்தானே, கம்பெனிக்குப் போகத் தொடங்கும் முன்னால் தினமும் அப்படித்தான் நின்றேன்! இதை நான் உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நீ அங்கே படிக்கப் போன வருஷம், வாராவாரம் போன் போட்டு, கிணற்றைப் பற்றிச் சொல்லும்மா, வெடியைப் பற்றிச் சொல்லும்மா என்று நச்சரித்தாயே, அப்போது சொன்னது.

செருப்பு கம்பெனியில் பதினொரு வருஷமாகத் தையல் சரிபார்க்கிறேன். நூலைப் பார்த்தே இது செல்வம்மாள் கை, இது தர்ஷினி கை என்று சொல்லுவேன். பெற்ற மகளின் கை தெரியாதா? அதனால்தான் இதை நீயா எழுதினாய் என்று போன ஞாயிறு கேட்டேன். "அம்மா, அத விட்டுரும்மா" என்றாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தன் குவாரியைத் தானே குற்றம் சாட்டுகிற புத்தகத்தைத் தன் பெயரிலேயே அச்சடித்து, ஊரைக் கூட்டி வெளியிட்டிருக்கிறார்கள். அப்பனும் படிக்கவில்லை, மகனும் படிக்கவில்லை, மேடையில் பேசிய ஏழு பேரும் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு படம் வேறு. அந்தப் பல்கலைக்கழகத்தில் சின்னராஜ் கட்டிக்கொடுத்த கூட்ட அரங்கமாம். பெருமைக்குப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அங்கே படிக்க இடம் எப்படிக் கிடைத்தது என்று அஸ்வினும் செல்வம்மாளும் இனிமேல் சண்டை போட வேண்டியதில்லை, அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். படித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது.

ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று நான் உன்னைத் திட்டப்போவதில்லை. திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. உன் உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தபோது நாலு மாதம் அலைந்தோம். தேதி நெருங்கியதும் சின்னராஜ் வீட்டுக் கேட்டில் போய் நின்றது நான். அவர் ஒரு போன் போட்டார், மறுநாள் சான்றிதழ் வந்தது. நீ விமானம் ஏறுகிறபோது, அந்தத் தம்பியும் அங்கேதான் வருது, என்ன கேட்டாலும் செஞ்சு குடு, நன்றி மறக்காதே என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். நீ இரண்டு பேருக்கும் ஆய்வு எழுதினாய். உனக்கு ஒன்று, ஹரீஷ்குமாருக்கு ஒன்று. அவருக்கு எழுதினதில் நம் வீட்டைக் கொண்டுபோய் வைத்தாய். நமக்குச் சேர வேண்டிய சான்றிதழுக்குத்தான் நாம் அப்படிக் கும்பிட்டு நின்றோம் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சின்னராஜ் குவாரியை ஏரிக்கரைப் பக்கம் இன்னும் பன்னிரண்டு ஏக்கருக்கு விரிக்க மனு போட்டிருக்கிறார். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. பிப்ரவரி நாலாம் தேதி, கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் கருத்துக் கேட்புக் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். நான் பேசப்போகிறேன். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நாற்பத்தொன்றாம் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கப்போகிறேன். நீங்கள் எழுதியதுதானே என்று ஹரீஷ்குமாரைக் கேட்பேன். ஆமாம் என்றால், அவர் வாக்கை வைத்தே குவாரியை நிறுத்தச் சொல்வேன். இல்லை என்றால், பெயருக்குப் பின்னால் இருக்கிற எழுத்தை அழிக்கச் சொல்வேன். பக்கத்து வீட்டு நாகம்மாள் தெலுங்கில் பேசுகிறேன் என்றிருக்கிறாள், சேர்ந்து வர பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க குவாரியில இருபது வருசம் வேல செஞ்சவன் நானு, நமக்கெதுக்கு இந்த வம்பு" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்துவிட்டு, கிணத்தப் பத்தி எழுதியிருக்கறத ஒருக்கா படி என்றார். படித்தேன். நாற்பதடிக் கிணறு என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அறுபதடி. வெட்டினவன் நான், எனக்குத் தெரியாதா" என்றார். பிறகு, நாலாம் தேதி தானும் வருவதாகச் சொன்னார். அடியைத் திருத்திச் சொல்ல ஆள் வேண்டுமாம்.

எனக்குப் பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றிய பயம் இல்லை, உன்னைப் பற்றித்தான். அவர் எழுதவில்லை என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி, யார் எழுதினார்கள் என்பது. உடனே உன் பெயரைச் சொல்வார்கள். காலனிப் பெண் காசுக்கு எழுதினாள் என்று சேர்த்துச் சொல்வார்கள். உன் பட்டம் போகலாம். செப்டம்பரில் நீ சேர இருக்கிற ஆராய்ச்சிப் படிப்பும் போகலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து நீ இன்னும் எத்தனை வருஷம் சாப்பிடுவாய்? நீ படிக்கிற ஒவ்வொரு படிப்பும் அந்த வீட்டுக்காரர்கள் எப்போது வாயைத் திறப்பார்களோ என்ற பயத்திலேயே நடக்கும். ஓட்டுக்கு ஒருமுறை, கையெழுத்துக்கு ஒருமுறை நம்மைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்துவார்கள். எனக்கு ஒருமுறை நின்றதே போதும்.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதம் பத்து நாளில் கிடைக்கும் என்று போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். கிடைத்ததும் உன் பல்கலைக்கழகத்துக்கு நீயே எழுதிவிடு. நடந்ததை நடந்தபடி எழுது. அவர்கள் சொல்லித் தெரிவதற்கு முன்னால் நீ சொன்னதாக இருக்கட்டும். நீ வைத்திருக்கிற பழைய குறிப்பு, என் குரலைப் பதிவு செய்தது எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பு. அம்மா சொல்லித்தான் செய்தேன் என்றும் எழுது. அது பொய்யில்லை. என் பெயரை முழுசாக, ஆஞ்சப்பன் மனைவி ஜோதியம்மாள், பர்கூர் என்று எழுது. அவர்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள். உன் தலையில் இருப்பதை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது என்று எல்லா அம்மாக்களும் சொல்வதை நானும் சொல்லலாம். ஆனால் உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வலிக்கிறது, இதை எழுதும்போதே.

எழுதி அனுப்பியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், ஒரு மணி அடித்து வைத்துவிடு. கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள், லாக்கரில் கிடக்கும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துப் பார்ப்பேன். மணி வராவிட்டாலும் நாலாம் தேதி நான் போவேன், அதில் மாற்றம் இல்லை. வந்துவிட்டால் தலை நிமிர்ந்து போவேன்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். பெரியநாயகி அம்மன் உன் பக்கம் நிற்கட்டும்.

உன் அம்மா,
ஆ. ஜோதியம்மாள்