நான்கு பிளக்கும் லூசாக இருந்தன

அக்கா,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படி.

மனசு கேட்காமல் விடிந்ததும் காரின் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினேன். நான் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் முனை தேய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வெளுத்தால் சூட்டில் வெந்துவிட்டது என்று அர்த்தம். பிளக் இறுகி உட்கார்ந்தால்தான் அதன் சூடு எஞ்சினுக்குள் இறங்கும். லூசாக இருந்தால் போக வழியில்லாத சூடு முனையையே தின்றுவிடும். நான்குமே லூசு! ரொம்ப இறுக்கினால் மரை போய்விடுமோ என்று பயந்து பாதியில் விட்டவன் நான்தான்.

நேற்று நீ ஓட்டும்போது கார் திக்கி நின்றதும், "நீ மிதிக்கிற மிதிக்கு லாரி பிளக்கே தாங்காது"ன்னு நான் சொன்னது அபாண்டம். நீயும், "இனி உன் காரைத் தொட்டா ஏன்னு கேளு, டெஸ்டுக்கும் போகல"ன்னு கதவைச் சாத்திக்கொண்டாய்.

புதிய பிளக் போட்டுச் சரியாக இறுக்கிவிட்டேன். லைசென்ஸ் டெஸ்ட் மூன்று மணிக்கு. போய்விடு அக்கா. சாவி ஃபிரிட்ஜ் மேல். எனக்கு பஸ் வந்துவிடும்.

பி.கு.: துணைக்கு எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் இரண்டரைக்கு வருவார். தப்பு என்னுடையதுதான் என்று அவரிடம் சொன்னேன். "அதை எங்கிட்ட ஏன்டா சொல்ற? அவகிட்ட சொல்லு" என்றார். நீ தூங்குகிறாய். உன் கதவுவரை இரண்டு தடவை வந்துவிட்டுத் திரும்பினேன்.